ஆறு ராசாக்களுக்கு ஒரு மேடை

அண்ணை,

நத்தார் சோடனைப் பெட்டிக்குள்ளை உங்கட கூத்துக்கு நான் போட்ட கிரீடம் அம்பிட்டுது. காட்போட்டிலை பிஸ்கற் பேப்பர் ஒட்டின ஜேர்மன் ராசாவின்ரை கிரீடம். கோந்து மணம் இன்னும் போகேல்லை. தலையிலை வைச்சுப் பார்த்தன். இண்டைக்கும் நான் ராசாதான், அதிலை சந்தேகமில்லை.

இங்கை இங்கிலாந்திலை, டூட்டிங் மாதா கோயில் வாசலிலை முதலாம் உலகப்போரிலை செத்தவையின்ரை பெயர் வெட்டின கல்லு நிண்டது. பூசை முடிய நாங்கள் தேத்தண்ணிக்கு ஓட, நீங்கள் அதுக்கு முன்னாலை நிப்பியள். "இவ்வளவு சனமும் என்னத்துக்குப் பிள்ளை செத்தது?" எண்டு கேட்டியள். எனக்கென்ன தெரியும், நான் லோண்டரியிலை சட்டை மினுக்கிறவள். நீங்களும் பெற்றோல் ஷெட்டிலை நிண்டவர்தான். ஆனால் அந்தப் போரைப் பற்றின லைபிரரிப் புத்தகத்தை ஷிப்டிலை வாசிச்சுக் கூத்தாக்கிப்போட்டியள்.

ஆம்பிளையளுக்கு நேரமில்லை, பொம்பிளையள் நாங்கள் ராசாவானம். கூத்திலை ராசா தன்ரை புகழைத் தானே பாடிக்கொண்டு சபைக்கு வந்து, பிறகு மற்றவருக்கு இடம் விட்டு உள்ளை போவார். நீங்கள் அந்த உள்ளை போறதை வெட்டிப்போட்டியள். "ஒருத்தரும் இறங்கக்கூடாது. என்ரை சனம்தான் பெரிசு எண்டு நிண்டு பாடுங்கோ."

ஒத்திகை பார்த்த கோயில் கொமிற்றித் தலைவருக்கு முகம் கறுத்துப்போச்சு. "எங்கட தமிழ் ராசா எங்கை காணும்? கடைசியிலை அவர் வந்து வெல்லவேணும். இல்லாட்டிப் பெரியவெள்ளிக் கூத்து இனி உமக்கில்லை."

ஆண்டவர் பாடுபட்டதை ஆடுற பெரியவெள்ளிக் கூத்து உங்கட உயிரெண்டு அவருக்குத் தெரியும். மன்னாரிலை உங்கட வீட்டிலை குண்டு விழுந்தது, தம்பி செத்தது, அதுவும் தெரியும். அடிவாங்கின சனத்தின்ரை நோவை உங்களுக்கு ஆர் சொல்லித் தரவேணும்? நீங்கள் மத்தளத்தைத் தடவிக்கொண்டு சொன்னியள்: "சேர்க்கலாம். ஆனா அவரும் இதே பாட்டைத்தான் பாடுவார்."

தலைவர் உங்களைத் துரோகி எண்டார். ஆனாலும் எங்கட ராசா இல்லாமலே கூத்து மேடையேறிச்சு, மண்டபம் நிறைஞ்சுபோச்சு!

ஒஸ்ரியா வந்து, தன்ரை இளவரசனைச் சேர்பிய இளந்தாரி சுட்டதெண்டு குதிச்சது. சேர்பியாவும் விடேல்லை. அதுக்கு "அண்ணன் நானிருக்கிறன்" எண்டு ரஷ்யா ஏறினது. ஒஸ்ரியாவுக்குத் துணை நான். என்னட்டைப் பறிகுடுத்த மாகாணத்தைக் கேட்டு, ராசா இல்லாத நாடெண்டாலும் கூத்துக்குக் கிரீடம் வைச்ச பிரான்ஸ், பிறகு இங்கிலாந்து. சனம் இருக்கிற மர வாங்குகளை அடுக்கின மேடையிலை கால் வைக்க இடமில்லை. ஆறுபேரும் ஒண்டாப் பாட ஒருத்தற்றை பாட்டும் கேக்கேல்லை. என்ரை முழங்கை பட்டு ரஷ்யாவின்ரை கிரீடம் விழுந்தது. சனம் சிரிச்சுது. அவள் என்னைத் தள்ளினாள். கூத்துக்கில்லை அண்ணை, உண்மையாவே தள்ளினாள்! ஒரே பஸ்ஸிலை என்னோடை வந்தவள். எனக்கும் விசர் வந்து திருப்பித் தள்ளினன்.

மத்தளத்தை நிப்பாட்டினியள். சிரிப்பும் நிண்டது. வாசல் கல்லிலை இருந்த பெயருகளை நீங்கள் ஒவ்வொண்டா வாசிச்சியள், அவ்வளவுதான் முடிவு.

அடுத்த பெரியவெள்ளிக்கு வேறை ஆள் மத்தளம் அடிச்சார். நீங்கள் கடைசி வாங்கிலை நிமிர்ந்து இருந்தியள். "தாளம் பிழைக்குது பிள்ளை" எண்டு எனக்கு மட்டும் சொன்னியள். அதுக்குப் பிறகு ஒருக்காலும் உங்களைக் கூப்பிடேல்லை. நீங்களும் போய்க் கேக்கேல்லை.

ரஷ்யாக்காரி இண்டைக்கும் என்ரை சிநேகிதிதான். இப்பவும் மண்டபங்களிலை ஆராவது மைக்கைப் பிடிச்சு, உலகத்திலை எங்கட சனத்தைப்போலை வருமோ எண்டு தொடங்குவினம். எல்லாரும் கை தட்டுவினம். நான் அந்தப் பாட்டைக் கேக்கிறேல்லை அண்ணை. மேடையிலை இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் கிடக்கெண்டுதான் பாக்கிறன்.