கிணற்றுச் சுவரில் எழுதிய அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சிக்னல் நிற்பதில்லை, அதனால்தான் கடிதம்.

மலையடிவாரக் கிராவல் குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதுவதுதானே என் வேலை. மட்டம் இறங்கினால் தோண்டுவதை நிறுத்த வேண்டும். இந்த மாதம் பாப்பாத்தி அக்காவின் கிணற்றில் ஐந்து அடி இறங்கிவிட்டது.

"போன மாசத்து அளவையே எழுதிடுங்க மேடம், இன்னா ஆயிடப் போவுது?" என்றார் குவாரி மேனேஜர். நான் உள்ளதை எழுதினேன். அவர் பதிவேட்டையும் அளவு டேப்பையும் பிடுங்கிக்கொண்டார்.

நேரே அக்கா வீட்டுக்குப் போய், தேதி போட்டு, அந்த அளவைக் கிணற்றுச் சுவரிலேயே சுண்ணாம்பால் எழுதிவிட்டேன். எழுத்து கோணவில்லை. பாப்பாத்தி அக்கா சிரித்தார்.

"நோட்ட தூக்கிக்கினு போயிட்டாரு. கெணத்த எப்படித் தூக்குவாராம்?"

இப்போது மற்ற கிணற்றுக்காரர்களும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வேலையை விட்டு நிறுத்துவேன் என்கிறார் மேனேஜர். நிறுத்தட்டும், நீங்கள் கவலைப்படாதீர்கள்.

என் கல்லூரிக் காலத்து அளவு டேப் பீரோவின் அடித்தட்டில் இருக்கும், உடனே தபாலில் அனுப்புங்கள். அம்மா கட்டிய பழைய புடவை ஒன்றையும் அதோடு வையுங்கள். இங்கே பனி அதிகம்.

தபால் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது. வேலை போனாலும் உடனே ஊருக்கு வர மாட்டேன் அப்பா. இன்னும் ஏழு கிணறு அளக்க வேண்டும்.

உங்கள் மகள்
தேன்மொழி