தும்மலுக்குச் சொட்டு விட்டது யார்?

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். எந்திர அறையில் வெக்கை தாங்கவில்லை என்று சொன்னீர்களே, தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா? மகள் கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாள், அறையைத்தான் ஒழுங்காக வைப்பதில்லை. விடுப்பில் வந்தபோது நீங்கள் மாற்றிய குளியலறைக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. கப்பலில் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள் என்றீர்கள். அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

வாரம் தவறாமல் போனில் பேசும்போது இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். நின்றுகொண்டே படிக்காதீர்கள், எங்காவது உட்காருங்கள்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கன்றுகளின் சோதனை முடிந்துவிட்டது. கொட்டகைக்காரர் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார், கன்றுகளின் தலையைப் பிடிக்க ஆளில்லை என்று இயக்குநரிடம் கேட்டு உங்களைக் கூட்டிப்போனேனே, அதே சோதனைதான். ஒரு பட்டியில் இருந்த கன்றுகளுக்கு மூச்சு நோய்க்கான தடுப்பு மருந்தை மூக்கில் சொட்டாக விட்டோம். பக்கத்துப் பட்டிக்கு வெறும் உப்புத்தண்ணீர். பிறகு இரண்டு பட்டிக்கும் அந்த வைரஸையே கொடுத்துப் பார்த்தோம்.

மருந்து விட்ட பட்டியில் லேசான மூக்கொழுகல், அவ்வளவுதான். உப்புத்தண்ணீர்ப் பட்டியில் காய்ச்சலும் இருமலும். கழுத்தை நீட்டிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியதைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் தேற்றிவிட்டோம், கவலைப்படாதீர்கள். ஆனால் அந்தப் பட்டியில் ஒன்று மட்டும், ஊரில் நோயே இல்லாதது போல வாளியை முட்டித் தள்ளிக்கொண்டு திரிந்தது. எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக் கன்றுக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல, வைக்கோல் தூசிக்குத் தும்முகிறது என்று ‘தும்மல்’ எனப் பெயர் வைத்தீர்களே, அதுவேதான். இப்போது இயக்குநரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த பழைய மூக்குச்சளி மாதிரிகளைப் பரிசோதித்தேன். வந்த அன்று தும்மலின் மூக்கில் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் வைரஸைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் எடுத்த மாதிரியில், அந்த நோயை எதிர்க்கும் சக்தி ஏறியிருந்தது. அதன் பட்டியில் வேறு எந்தக் கன்றுக்கும் இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். வெளியிலிருந்து நோய் முன்பே கொட்டகைக்குள் புகுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் எந்தக் கன்றையும் நம்ப முடியாது. மூன்று வருட வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கன்றுகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் யாரோ தும்மலுக்கும் மருந்தை விட்டிருக்க வேண்டும். அப்போது அந்த ஒரு கன்றைக் கணக்கிலிருந்து நீக்கினால் போதும், மற்றதெல்லாம் நிற்கும். ஒன்றே ஒன்றுக்குத்தானே என்று இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஒண்ணுல ஆரம்பிக்காம வேற எதுலம்மா ஆரம்பிக்கும்? அது வந்ததுலேர்ந்தே தும்மிட்டுத்தானே இருந்துச்சு” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஒரு சீசா மருந்தைக் கரைத்தால் பத்துக் கன்றுக்கு வரும். எங்களுக்கு எட்டுக்குத்தான் தேவை. மிச்சத்தை அழிக்கச் சொல்லி அன்று உங்கள் கையில்தான் கொடுத்தேன். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்து எடுக்கிற மனிதரிடம் போய் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். “பாவம், இதுக்கு வெறும் உப்புத்தண்ணியா?” என்று தும்மலின் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு அடுத்த பட்டிக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது சீசா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மகளிடம் சொன்னேன். “அப்பாவா? கண்டிப்பா ஊத்தியிருப்பாரும்மா. என் தட்டுல ஒரு வாய் மிச்சம் வெச்சாலே விட மாட்டாரு” என்றாள். அது அவளுடைய அபிப்பிராயம், சாட்சி ஆகாது என்றேன். “நீ எல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் கைக்குழந்தையாக மூச்சுத் திணறிக் கிடந்தது நினைவிருக்கிறதா? அன்று அவளைப் பிடித்த வைரஸும் இந்தக் கன்றுகளுக்கு வருவதும் பங்காளிகள். செவிலியர் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அவள் முகத்தில் ஆக்சிஜன் மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். கொட்டகையில் தும்மல் மூக்கை உறிஞ்சியபோது உங்கள் முகத்தில் அதே கலக்கம் இருந்தது. அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இயக்குநருக்கு உங்கள் கையெழுத்தோடு பதில் வேண்டுமாம், போனில் சொன்னால் செல்லாதாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். எந்தப் பதில் எனக்கு நல்லது என்பதை மறைத்துவிட்டுக் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து உங்களிடமே மறைத்து வைத்து ஒன்றைக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் பயமாகவும் இருக்கிறது. செய்யாமலேயே எனக்காகச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்கிற ஆள் நீங்கள். அப்படிச் செய்துவிடாதீர்கள். நோய் உண்மையிலேயே உள்ளே புகுந்திருந்து, உங்கள் அன்பை நம்பி நான் மருந்தை வெளியே விட்டால், பிறகு மாடு வளர்க்கிறவர்களின் கொட்டகையில்தான் அது தெரியவரும். அதை என்னால் தாங்க முடியாது.

செய்திருந்தால், எதில் எடுத்தீர்கள், எப்படி விட்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். உங்களுக்குக் கதை கட்ட வராது, மூன்றாவது வரியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள். செய்யவில்லை என்றால் ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். முதலிலிருந்து தொடங்குவேன். அழுதுவிட்டுத் தொடங்குவேன், ஆனால் தொடங்குவேன். எந்தப் பதிலுக்கும் உங்கள் மேல் கோபம் வராது. ஒரு பதிலுக்குக் கொஞ்சம் திட்டுவேன், அவ்வளவுதான்.

தும்மல் நன்றாக வளர்ந்துவிட்டது. நேற்று உங்கள் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போயிருந்தேன். அது வந்து சட்டைப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தது. உங்கள் சட்டையை நான் ஏன் போட்டேன் என்று அதுவும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள். அதன் அடியில், எந்த மாதம் கரை இறங்குகிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். மேலே உள்ளது முழுக்க உண்மையாக இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும், நான் எதை வாசிக்க ஆசைப்படுவேனோ அப்படியே எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி