கைபடாமல் கரைந்த உரம்

இன்று காலை, நான் வேலை பார்க்கும் உர டிப்போவில் சுண்ணாம்பு உப்பு மூட்டை ஒன்றை நகர்த்தினேன். ஈரக்கோணி உள்ளங்கையில் ஒட்டியது. உடனே உங்கள் முகம் வந்தது. நீங்கள் செத்து இன்னும் காரியம்கூட ஆகவில்லை; அதற்குள் ஊர் உங்களைத் தர்மவான் என்கிறது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும், ஐயா.

யுத்தம் முடிந்த மறு வருஷம். உங்கள் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்ட சேரிக் கோவிந்தனின் தக்காளிக் காய்கள் அடியில் கறுத்து அழுகின. இந்தப் போகம் தப்பினால் அவன் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்பது நீங்கள் வைத்த பேச்சு. நீரில் முழுசாகக் கரையும் இந்த உப்பைத் தொட்டியில் கலக்கி, மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வாய்க்காலில் விட்டால், இனி வரும் காயாவது பிழைக்கும் என்று நான்தான் கொண்டுவந்தேன்.

"மூட்டையத் திறந்து வெக்காதீங்க. காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சித் தண்ணியாயிடும்" என்றும் சொன்னேன்.

கோவிந்தன் தொட்டியருகே போனான். நீங்கள் மறித்தீர்கள்.

"அவன் கை வெச்ச தண்ணி மொதல்ல என் பூந்தோட்டத்துல இல்ல பாயும்? மலைக் கோயிலுக்குப் போற பூவுடா அது!"

"பூவு ஜாதி கேக்குதாங்களா?" என்றேன்.

"நீ ஒரம் குடுக்க வந்தியா, நாயம் பேச வந்தியா? ஆடிக் கிருத்திகை அன்னிக்கி எங்க பாவா கலக்குவாரு, போ."

மூட்டையைப் பிரித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அப்படியே திறந்து போட்டுக் கிருத்திகைக்காகப் பல நாள் காத்திருந்தீர்கள். காவடிகள் மலையேறிய அன்று உங்கள் அக்காள் கணவர் வந்து அதைத் தூக்கினார்.

"இன்னாது, வெறும் கோணி கீது!"

உப்பு முழுவதும் கரைந்து தரையில் வழிந்து போயிருந்தது.

"கோவிந்தன்தான் வஞ்சம் வெச்சித் தண்ணி ஊத்திட்டான்" என்றீர்கள், கூசாமல்.

டிப்போவிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துவந்து, ஊர் பார்க்கத் தட்டில் வைத்தேன். விளக்கு வைப்பதற்குள் அது கசிந்து நீர்விட்டது. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

"இருக்கட்டுமே. நெலம் என்னுது."

அந்த மூன்று சொற்களுக்கு மேல் உங்களிடம் எதுவும் இருந்ததில்லை.

காயெல்லாம் அழுகிப்போக, கோவிந்தன் குடும்பத்தோடு பட்டணம் போக ரயிலடியில் நின்றான். அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "ஏன் சார், அந்த ஊட்டுச் சோத்துக்கு உப்பு போடுறாங்கல்ல? உப்பளத்துல அதை அள்ளுனது யாரு கையி?"

அந்தக் கேள்வியை நான் கீழே வைக்கவே இல்லை. உங்கள் காரியச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வருவேன். பந்தியில் இலையோரம் உப்பு வைக்கும்போது, உங்கள் வீட்டாரிடம் அதையே உரக்கக் கேட்பேன்.