தொங்குபாலத்துக் கல்லில் ஆறு பெயர்கள்

மார்ச் 3, 2024
அண்ணன் கிருஷாந்த் மெட்டை முடித்துவிட்டான். எங்கள் தோட்டத்துத் தொங்குபாலத்தைப் பற்றிய பாட்டு. 1989 வெள்ளத்தில் பாலம் அறுந்து, ரப்பர்ப் பால் வெட்டப் போன ஆறு பெண்கள் இறந்தார்கள். வரிகள் என்னுடையவை, யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறேன். கடைசிச் சரணத்தில், பாலத்தடி நினைவுக்கல்லில் வெட்டியிருக்கும் ஆறு பெயர்கள் மட்டும்.

மார்ச் 10
புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் யாரோ போனில், அண்ணன் பாடி யூடியூபில் போட்ட எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன்.

மார்ச் 17
கித்துல்கலப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஜீவராணி என்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பி, பாட்டுல நாலாவதா பிரேமலதான்னு வருதே, அது நான்தாங்க."

அண்ணன் சிரித்தான். "அப்ப பேயா வந்திருக்கீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான்."

பாலம் அறுந்த அன்று அவருக்குக் காய்ச்சல். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடுமே என்று, பதினான்கு வயதுத் தங்கை ஜீவராணி அக்காவின் பேரில் வேலைக்குப் போனாள். தோட்டத்தில் நடப்பதுதான். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரே கல்லுக்கும் போனது. சின்னப் பிள்ளையை அனுப்பியது தெரிந்தால் தோட்டத்து லய வீட்டை விட்டு விரட்டுவார்கள் என்று பயந்த அப்பா, இவரைக் கித்துல்கலவுக்கு அனுப்பிவிட்டார், தங்கையின் பெயரோடு. அடையாள அட்டையிலும் அதுதான். லயத்தில் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. இவர் பிள்ளைகளுக்கே தெரியாது.

"கல்ல மாத்த முடியாது. பாட்ட மாத்தலாந்தானே? அவ பேரச் சொல்லி ஒருத்தரும் அழுததில்லங்க."

மார்ச் 18
அண்ணன் மறுக்கிறான். "கல்லுல உள்ளதுதான் வரலாறு. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதக் காட்டுறது?"

நானும் கல்லைத்தானே நம்பினேன்? இத்தனை புத்தகம் படிச்சு என்ன — லயத்துல ஒரு ஆளக் கேக்கலியே நான்.

மார்ச் 21
மாற்றாவிட்டால் என் வரிகளைப் பாடக்கூடாது என்றேன்.

"ஓஹோ. அப்ப எழுதினது நீதான்னு மேடையில சொல்லு பாப்போம், மகாராணி."

"சொல்றேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

ஏப்ரல் 6
கேகாலை மண்டபம். வரிகள் என்னுடையவை என்று மைக்கில் சொல்லிவிட்டு வந்து அந்த அம்மாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

நாலாவது பெயராக ஜீவராணி என்று வந்ததும் அவருடைய மகள் விஜயகலா கை தட்டினாள். "அம்மா, ஒங்க பேரப் பாடுறாங்க!"

"என் பேரு இல்லம்மா. என் தங்கச்சி பேரு."

"ஒங்களுக்கு ஏதும்மா தங்கச்சி?"

பாட்டு முடிந்து சனம் கலைந்தது. கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்த இரண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை.