பாதி ஜன்னலில் மொட்டை ஒட்டகம்

ஜூலை 6, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து துணி ஊறவைத்தேன். ஃபேஸ்புக்கில் பூமிகா என்னை டேக் பண்ணியிருக்கிறாள். ஊரில் அம்மா களை பறிக்கப் போன நிலத்துக்காரர் மகள், பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. நாங்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம், அவள் சென்னைக்குப் போய்விட்டாள்.

சின்ன வயதில் டிவியில் பார்த்த மொட்டை ஒட்டகம் கார்ட்டூனைப் பற்றி எழுதியிருக்கிறாள். தலையில் ஒரு முடி கிடையாது, சலூன் வைத்திருக்கும்! நரி ஷேவிங்குக்கு வந்து உட்காரும். பாதி மீசை எடுத்திருக்கும், டமால் என்று கடை வெடிக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பக் கடை திறக்கும். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்புறம் கடைசி வரி: 'ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். வித்தியாசம் பார்க்காத காலம் அது.'

ஹாலா? எந்த ஹால்?

ஜூலை 7, திங்கள்

கம்பெனியில் பேக்கிங் வேலையில் நிற்கும்போதும் இதே நினைப்பு. அந்த ஹாலில் நான் கால் வைத்ததே இல்லை. நானும் தம்பி ஸ்டீபனும், எங்கள் தெருப் பையன்கள் அன்பும் மோசஸும் நின்றது வெளியே, மோட்டார் ரூமுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். ஜன்னலின் ஒரு கதவு எப்போதும் சாத்தியிருக்கும். திறந்த பக்கத்தில் டிவியின் வலது பாதி மட்டும் தெரியும். சத்தமாகச் சிரித்தால் பூமிகாவின் அம்மா ஜானகியம்மாள் எழுந்து வந்து அதையும் சாத்திவிடுவார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினோம்.

சிரிப்புப் படமாம், சிரிக்கக் கூடாதாம். எந்த ஊர் நியாயம் இது?

ஜூலை 8, செவ்வாய்

அவள் கொடுத்த லிங்க்கில் ஒரு எபிசோடு பார்த்தேன். இடது ஓரத்தில் ஸ்டூல் மேல் ஒரு முள்ளெலி உட்கார்ந்திருக்கிறது. யார் இது? பார்த்தால், பவுடர் டப்பாவில் வெடிமருந்தைக் கொட்டுவதே அதுதான். இன்னொன்று போட்டேன். அதிலும் அதுதான்! இத்தனை வருஷமாக அந்தக் கடை தானாக வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீபனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதான் பண்ணுதா? நான் இன்னாவோ கேஸ் லீக்குன்னு நெனச்சினு இருந்தன்" என்றான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாதிப் படத்த மறைச்சி வச்சிட்டு வித்தியாசமே பாக்கலியாமே!

கமெண்டில் எழுதிவிட்டேன்: 'பூமிகா, நாங்கள் ஹாலில் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சிரித்தால் சாத்திவிடுவீர்கள்.'

ஜூலை 9, புதன்

பதில் வந்தது. 'ஐயோ, அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

ஞாபகம் இல்லையாம்.

ஜூலை 10, வியாழன்

பூமிகாவின் அண்ணன் மோகன்ராஜ் இங்கே லேபர் கான்ட்ராக்டர். ஸ்டீபன் கம்பெனிக்குப் போவதே அவருடைய ஆளாகத்தான். இன்று கேட்டில் அவனை நிறுத்தி, அக்கா எழுதினதை எடுக்கச் சொல், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றாராம்.

அம்மா அழுதுவிட்டாள். "அத்த எடுத்துடு ஏஞ்சலு. என்னிக்கோ நின்னதுக்கு இன்னிக்கு சோத்துல மண்ணப் போட்டுக்கணுமா?"

"நின்னதுக்கு இல்லம்மா. நிக்கவே இல்லன்றாங்க பாரு, அதுக்கு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டீபன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். போனை எடுத்தேன், வைத்தேன். என்னால் தம்பி வேலை போகலாமா? போகக் கூடாதுதான். அதுக்காக நான் எழுதினது பொய்யின்னு ஆயிடணுமா?

ஜூலை 11, வெள்ளி

எடுத்துவிடலாம் என்றுதான் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தேன். என் கமெண்டுக்குக் கீழே ஸ்டீபன் எழுதியிருக்கிறான்: 'நானும் நின்னேன்.' அதற்குக் கீழே அன்பு: 'நானும்.' மோசஸ்: 'நானும். நான் குள்ளம், எனக்கு நரியோட காது மட்டும்தான் தெரியும்.'

பாவிப் பயல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேன்டீனில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

ஜூலை 14, திங்கள்

ஸ்டீபனை உள்ளே விடவில்லை. கார்ட்டூனுக்காக ஒருத்தன் வேலையில் கை வைக்கிறார் மோகன்ராஜ். அந்தாளுக்கு மட்டும் முழு டிவியும் தெரிஞ்சிதே, அப்புறம் இன்னா வயித்தெரிச்சல்?

அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஸ்டீபனுக்குக் காட்டுப்பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைச்சல், பஸ் மாறிப் போக வேண்டும். பூமிகாவின் பதிவு அப்படியேதான் இருக்கிறது, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். நாங்கள் எழுதினதெல்லாம் இன்னும் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"கள பறிச்சிட்டு ஊட்டுக்குப் போவும்போது, உங்க பின்னால நின்னு நானும் பாத்துகீறேன். என் பேரையும் போடு."

கையைத் துடைத்துக்கொண்டு போய் எழுதினேன்: 'ரோசம்மாள். நானும்.'