பரணில் அடைபட்ட குட்டிகள்

அம்மா,

உனக்கு மூட்டுவலி குறைந்ததா? என் பாப்பாவுக்கு இருமல் நின்றதா? உன்னைப் படுத்தாமல் தூங்குகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். ஃபோனில் இதைச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மல்லேஸ்வரத்தில் நான் வேலை செய்யும் வீட்டுப் பரணில் மரநாய் ஒன்று புகுந்திருந்தது. நேற்று மாலை அது வெளியே போனதும், ஓடு வேய்கிறவரிடம் அது நுழைந்த கூரை இடுக்கை அடைக்கச் சொன்னதே நான்தான். விடிந்ததும் பார்த்தால் உள்ளே குட்டிகள் கத்துகின்றன. தாய் மதில்மேல் உட்கார்ந்து கூரையையே பார்க்கிறது.

“ஃபாரஸ்ட் ஆளுங்க வர்ற வரைக்கும் தொறக்காதே,” என்றார் வீட்டுக்கார ஸ்வர்ணா மேடம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏணி போட்டு ஓடுகளை எடுத்துவிட்டேன். தாய் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

மேடம் இன்னும் என்னோடு பேசவில்லை. வேலை போகாது, பயப்படாதே.

குக்கர் கூப்பிடுகிறது. பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே.

வளர்மதி