அப்பா சூடு போட்ட ஸ்டேக்

ஒமாஹா,
ஞாயிறு மதியம்

அன்புள்ள டீனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகள் மார்னியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது, போட்டால் போடட்டும். அப்பாவின் சுகத்தை ஒரு வரியில் எழுத முடியவில்லை, அதற்குத்தான் இத்தனை தாள். போனில் சொல்லலாம் என்றால் போன் இருப்பது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், நான் மூச்சு விட்டால்கூட யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறார். உன் படகு எப்போது கரைக்கு வரும், இந்தக் கடிதம் கோடியாக் தபாலாபீஸில் எத்தனை நாள் கிடக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. வந்ததும் முதலில் இதைப் படி, பிறகு வீட்டுக்குப் போன் பண்ணு.

இங்கே முதல் பனி விழுந்து தக்காளிச் செடியெல்லாம் கருகிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான், இந்தக் குளிருக்குத் தாங்குமாம். நம் நாய் பஸ்டர் பெருத்துப்போய் நடக்க முடியாமல் நடக்கிறது, அப்பா தட்டில் மிஞ்சுவதெல்லாம் அதற்குத்தானே போகிறது. அப்பாவோ ஐம்பது பவுண்டு இளைத்துவிட்டார். பிப்ரவரியில் பக்கவாதம் வந்தபோது இடது கைதான் போயிற்று என்று நினைத்தோம், தொண்டையும் கூடப் போயிருக்கிறது. எதை விழுங்கினாலும் பாதி நுரையீரலுக்குப் போகிறது, இரண்டு தடவை நிமோனியா வந்ததுதான் உனக்குத் தெரியுமே. மூன்றாவது தடவை வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, வயிற்றில் குழாய் வைத்து அது வழியாகத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும், இனி வாய் வழியாக ஒரு வாய்கூடக் கூடாது என்று டாக்டர் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். உன் அப்பா சம்மதித்தாரா? இரண்டு மாதமாக நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் போன வாரம் தானாகவே, "ரோசி, நம்ம கல்யாண நாளுக்கு ஆல்டன்ஸுக்குக் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் நீ எந்தக் குழாயை வேணாலும் மாட்டு, நான் வாயைத் திறக்கலை" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்லுவேன்? அங்கே கட்டியாக எதையும் விழுங்க மாட்டேன் என்று எனக்கு வாக்கும் கொடுத்தார், எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

உனக்கு ஆல்டன்ஸ் ஹோட்டல் நினைவிருக்கும், உன் பள்ளிப் படிப்பு முடிந்ததற்கு அங்கேதான் சாப்பிடப் போனோம், டை கட்ட மாட்டேன் என்று வாசலில் அடம் பிடித்தாய். அப்பா மாட்டுச் சந்தையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே பெரிய வியாபாரிகள்தான் உட்காருவார்கள், அப்பா வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாராம். என்றைக்கு எனக்கென்று பெயரெழுத்து வார்த்த ஒரு சூட்டுக்கோல் அந்தச் சுவரில் தொங்குகிறதோ அன்றைக்குத்தான் ஆள் ஆனேன் என்று அர்த்தம் என்பார். இருபத்தெட்டு வருடமாகத் தொங்குகிறது, சமைப்பதற்கு முன் தன் இறைச்சித் துண்டில் அதால் தானே சூடு போட்டுக் கொடுப்பார். நமக்குப் பரிமாறும் வெர்னனையும் உனக்குத் தெரியும், இப்போது தலை பூராவும் நரைத்துவிட்டது. புதன்கிழமை அப்பா தூங்கும்போது வெர்னனுக்குப் போன் போட்டேன். அப்பா எந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, சமையலறையில் வைத்து அரைத்துக் கூழாக்கிக் கொண்டுவந்துவிடுங்கள், அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்பாவை அவர் முதலாளி என்றுதான் சொல்லுவார். "முதலாளி இதுக்கு ஒத்துப்பாராம்மா?" என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்கிறவளைப் பார்!

நேற்று ஐந்து மணிக்கே போய்விட்டோம். சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டார், உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போலத் தொளதொளவென்று இருந்தது. வாசலில் வெர்னன், "என்ன முதலாளி, இந்த வருஷமும் அதே பொண்டாட்டியோடதான் வந்திருக்கீங்களா?" என்று வருடா வருடம் கேட்பதையே கேட்டார், இவரும், "வேற யாரும் வர மாட்டேங்கிறாங்கப்பா" என்று வருடா வருடம் சொல்வதையே சொன்னார். பிறகு இறைச்சிக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார், டீன். சந்தையில் பட்டிக்குப் பட்டி நின்று மாடு பார்ப்பாரே, அதே நிற்பு. ரிப்-ஐ என்கிற விலாத் துண்டு ஒன்றைக் காட்டி, "கொழுப்பு ஓடியிருக்கிற அழகைப் பாரு. இந்த மாடு கடைசி நாலு மாசம் சோளம் மட்டுமே தின்னது" என்றார். "அப்படியே அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சதுன்னும் சொல்லிடுங்க" என்றார் வெர்னன். சுவரிலிருந்து அப்பாவின் கோலை எடுத்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். வெர்னன் கோலைத் தாங்கிப் பிடிக்கப் போனார், அப்பா முழங்கையால் தள்ளிவிட்டு ஒற்றைக் கையாலேயே அழுத்தினார். சுர்ரென்று புகை வந்தது, எமில் ஹவ்ரனெக் என்கிற அவர் பெயருக்கான இரண்டு எழுத்தும் கொழுப்பில் கறுப்பாக விழுந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் கிண்ணம் வந்தது. நீல விளிம்பு போட்ட கிண்ணம், மேலே கொஞ்சம் தழை தூவி அழகாகத்தான் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது பழுப்பு நிறக் கூழ். அப்பா கிண்ணத்தையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "வெர்ன், இதுல என் பேரு எங்கப்பா?" என்றார். வெர்னன் என்னைப் பார்த்தார், நான் உப்புச் சீசாவைப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து அப்பா என்னிடம், "நாப்பது வருஷத்துல எனக்குத் தெரியாம நீ பண்ணின காரியம் இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டுவிட்டார். நல்லதைத்தானே நினைத்தேன், டீன்? அவர் பெயர் போட்ட துண்டை அரைக்க வைத்துவிட்டேனே என்று கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினேன். அப்போது வெர்னன் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, சூடு போட்ட துண்டை அரைக்க எனக்கு மனசு வரலை, வேற ஒண்ணை அரைச்சோம். அது அங்கயே முழுசா இருக்கு" என்று என் காதோடு சொன்னார். கொண்டுவாருங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை.

சுட்டெடுத்த அந்த ஸ்டேக் துண்டோடு வெள்ளைத் துணிகள் ஒரு அடுக்கும் கொண்டுவந்து அவர் கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. நான் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்தேன். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார், மென்றார், அவ்வளவு நேரம் மென்றார். எப்போது புரையேறுமோ என்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்து வாயைத் துடைத்தார், மடித்து ஓரமாக வைத்தார். அடுத்த துண்டு. மறுபடியும் துணி. அப்போதுதான் விளங்கியது, மென்றதையெல்லாம் துணியில் துப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கொடுத்த வாக்கை என் கண்ணெதிரேயே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். வெர்னன் வந்து வந்து மடித்த துணியை எடுத்துக்கொண்டு புதுத் துணி வைத்தார், தட்டு மாற்றுகிற மாதிரி சாதாரணமாக. பக்கத்து மேசையில் பிறந்தநாள் கொண்டாடிய ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது, நான் ஒரு முறை முறைத்தேன், திரும்பிக்கொண்டார்கள். பூராவும் போய்க் கடைசியில் அந்த இரண்டு எழுத்து விழுந்த ஓரம் மட்டும் மிஞ்சியது. அதை முள்கரண்டியில் குத்தி எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான்தான், சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், அவர் விழுங்கிவிட்டார்.

புரையேறி முகம் சிவந்து நீலமாகி, வெர்னன் ஓடிவந்து முதுகில் தட்டி, கூடத்தில் அத்தனை பேர் கத்தியும் கரண்டியும் நின்றுபோய், அந்த இரண்டு நிமிடத்தை நான் எழுத மாட்டேன். மூச்சு திரும்பியதும் கண்ணில் தண்ணீர் வழிய, "உள்ள போயிடுச்சு ரோசி" என்றார். ஏதோ பரிசு வாங்கிய மாதிரி சொன்னார். போனது வயிற்றுக்கா நுரையீரலுக்கா என்று யாருக்குத் தெரியும்? நேற்றிலிருந்து மூன்று மணிக்கொரு தடவை காய்ச்சல் பார்க்கிறேன், இதுவரைக்கும் இல்லை. தடுத்திருக்க வேண்டுமா, விட்டது சரியா, எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உன்னைக் கேட்கலாம் என்றால் நீ நடுக்கடலில் இருக்கிறாய்.

காரில் ஏறி உட்கார்ந்ததும், "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்கு?" என்றார். ஒன்பது மணிக்கு என்றேன். "சரி" என்றார். இந்த ஒரு சரிக்குத்தான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன், கிடைத்ததும் காரைக் கிளப்பக்கூட என்னால் முடியவில்லை, சாவியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ இதைப் படிக்கும்போது குழாய் போட்டிருப்பார்கள். இல்லை, வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

பாலத்தைத் தாண்டும்போது ஒன்று சொன்னார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "டீன் முன்னெல்லாம் போன் எடுத்ததும் என்னப்பா இன்னிக்குச் சாப்பாடும்பான். இப்ப அங்க மழையான்னு கேக்கறான். மழையைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்?" என்றார். உன் மேல் தப்பில்லை கண்ணா. அப்பாவிடம் சாப்பாட்டுப் பேச்சே எடுக்காதே என்று மார்ச்சில் உனக்கு எழுதியவள் நான்தான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

குளிருக்குக் கனமான காலுறை போட்டுக்கொள், மார்னியைத் தனியாக வண்டி ஓட்ட விடாதே. கடவுள் உங்கள் இருவரையும் தண்ணீரிலும் தரையிலும் காக்கட்டும். மறக்காமல் போன் பண்ணு, எடுத்ததும் அப்பாவிடம், கல்யாண நாளுக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள். முழு ஸ்டேக்கும் காலி என்பார். மறுத்துப் பேசாதே, எப்படி இருந்தது என்று கேள், அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரோசலி